நல்ல கட்டி

சாதாரணக் கட்டிதான் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அதனால்தான் ஆவுடையம்மாளுக்கு அதை நம்ப முடியவில்லை. ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லியிருந்தால், ஒருத்தராவது கொஞ்சம் தடுமாறியிருந்தால், நம்பியிருப்பாளோ என்னவோ. காலையில் நர்ஸ் பிளஸ்ஸி வந்து தலையை ஒதுக்கிவிட்டு, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, வலது விலாவிலிருந்து இறங்கும் குழாயின் பாட்டிலை நாற்காலியின் கீழ்க் கம்பியில் மாட்டி, எக்ஸ்ரே அறை வாசலில் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தாள். உள்ளே கூப்பிட்டதும் ஒரு மருந்தைக் குடிக்கச் சொல்வார்களாம். அது உணவுக்குழாய் வழியாக இறங்குவதைப் படம் பிடிப்பார்களாம். தைத்த இடத்தில் கசிவு இல்லையென்றால் இன்றைக்கே வாயால் தண்ணீர் குடிக்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகு உதட்டில் ஈரப்பஞ்சை ஒற்றியதோடு சரி. நாக்கு அண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. ஆனாலும் தாகம் ஒரு பக்கம் கிடக்க, கண் மட்டும் ஓயாமல் ஆட்களின் முகத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. பாட்டிலை மாட்டும்போது பிளஸ்ஸி ஏன் அவ்வளவு பதமாகச் சிரித்தாள்? எல்லா நோயாளியிடமும் இப்படித்தான் சிரிப்பாளா? பக்கத்துக் கட்டில்காரியிடம் இப்படிச் சிரித்த மாதிரித் தெரியவில்லையே. மகள் இந்துமதி ஆபரேஷன் முடிந்த மறுநாளே லீவு இல்லை என்று ஓசூருக்கு பஸ் ஏறிவிட்டாள். நிஜமாகவே ஒன்றும் இல்லாததால் போனாளா, ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்காகப் போனாளா? பின்னால் புருஷன் குத்தாலிங்கம் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். மாமன் மகன், சின்னப் பிள்ளையிலிருந்து அத்தான் என்று கூப்பிட்டு, கல்யாணம் ஆகி இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அதே அத்தான்தான். "கசிவெல்லாம் இருக்காது, ஆவுடை. ஒண்ணும் இல்ல. சாதாரணக் கட்டிதான" என்றார். கேட்காமலே சொன்னார். கேட்காமலே எதற்குச் சொல்ல வேண்டும்?

கேட்பதற்கு முந்திச் சொல்லிவிட வேண்டும் என்பது அவளே கண்டுபிடித்த வித்தை. கூடப்பிறந்த பிரமு அக்காவுக்கு வயிற்றில் நோய் வந்தபோது, தென்காசி டாக்டர் வெளியே கூப்பிட்டு அக்கா வீட்டுக்காரரிடமும் குத்தாலிங்கத்திடமும் ஆவுடையிடமும் விஷயத்தைச் சொன்னார். ஆம்பிளைகள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே போய் அக்காவிடம் சொல்ல வேண்டியது இவள் தலையில் விழுந்தது. நடையோரத்துக் குழாயில் முகத்தைக் கழுவி, முந்தானையால் அழுத்தித் துடைத்து, கதவைத் தள்ளுகிறபோதே சத்தமாக ஆரம்பித்தாள். வெறும் புண்ணுதான்க்கா, இதுக்குப் போயி இம்புட்டு நேரம் உக்கார வச்சிட்டான் அந்த டாக்டரு, அவனுக்குச் சிரிக்கவே தெரியலக்கா. அந்தக் கடைசிப் பேச்சுதான் முழுப் பொய்யையும் தாங்கிய முட்டு. உயிர் போகிற விஷயம் என்றால் டாக்டர் சிரிக்கவில்லை என்று யாராவது குறைப்படுவார்களா? அக்கா நம்பினாள், நம்பிய மாதிரிதான் இருந்தது. அப்புறம் திருவனந்தபுரம். கடையநல்லூர்ப் பக்கம் ஒருத்தரைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றால் புற்றுநோய் என்று அர்த்தம், தெருவே குரலைத் தாழ்த்தும். அதனால் பத்மநாபசாமிக்கு ஒரு நேர்த்தி இருக்கிறது, போன கையோடு ஒரு குடல் டாக்டரையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று சொல்லிவைத்தார்கள். அங்கே வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினார்கள். எடுத்தாச்சுக்கா என்றாள் ஆவுடை. அதையும் அவள்தான் சொன்னாள். அது தப்பு என்று அன்றைக்கும் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. அக்கா பயந்த பிறவி. தெரிந்திருந்தால் அந்த ஐந்தாறு மாதம்கூட இருந்திருக்க மாட்டாள். ஆனால் சொன்ன வார்த்தைகள் எங்கேயும் தொலைந்துபோய்விடவில்லை. இத்தனை வருஷம் கழித்து ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, வேறு வேறு வாயிலிருந்து, அவள் காதிலேயே விழுகின்றன. இந்த மதுரை ஆஸ்பத்திரியில் முதல் தடவை டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் குத்தாலிங்கம் சொன்னார், பொடிப் பயலா இருக்கான் டாக்டரு, மீசைகூட சரியா முளைக்கல என்று. ஆவுடை அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். முட்டு. இவரும் முட்டுக் கொடுக்கிறார்.

ஆரம்பித்தது பள்ளிக்கூடத்தில். ஆவுடை சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன்னால் அவளும் தலைமை ஆசிரியையும் ஒரு வாய் தின்று பார்க்க வேண்டும். அன்றைக்குத் தக்காளிச் சாதம். ஒரு வாய் போட்டாள்; அது நெஞ்சுக்கு நடுவில் ஓரிடத்தில் போய் நின்றுகொண்டது. விக்கல் இல்லை, இருமல் இல்லை. வேண்டாத விருந்தாளி வாசலில் வந்து நின்றுகொண்டு உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் இருப்பதுபோல அது பாட்டுக்கு நின்றது. உப்பு எப்படி இருக்கு என்று தலைமை ஆசிரியை கேட்கிறார். இவள் தலையைத் தலையை ஆட்டுகிறாள், வாயைத் திறக்க முடியவில்லை. செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிய பிறகு மெல்ல நகர்ந்தது. அதன்பின் இட்லி நின்றது, சப்பாத்தி நின்றது, ஒரு நாள் வாழைப்பழம்கூட நின்றது. வீட்டில் எல்லோரும் தின்று எழுந்த பிறகு உட்காருகிறவள், அதனால் யாருக்கும் தெரியவில்லை. கஞ்சியாகக் கரைத்துக் குடித்தாள், சோற்றை ரசத்தில் கரைத்துக் குடித்தாள். சேலைக் கொசுவத்தில் மடிப்புக் கூடிப்போனதைப் பார்த்து, பொங்கலுக்கு வந்த இந்துமதிதான் பிடித்து உலுக்கினாள். தென்காசியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே வழவழப்பாக ஒரு புடைப்பு. அங்கிருந்து திருவனந்தபுரம் பக்கம்தான். ஆனால் குத்தாலிங்கம் மதுரை என்றார். ஏன் மதுரை? திருவனந்தபுரம் என்று வாயெடுத்தாலே அவளுக்கு விளங்கிவிடும் என்றுதானே? சேக்காளியின் மருமகன் இங்கே வேலை பார்க்கிறான் என்று சொன்னது நிஜமா? அப்படி ஒரு மருமகனை இந்த நிமிஷம் வரை அவள் கண்ணால் பார்க்கவில்லை. டாக்டர் இம்மானுவேல் தாளில் படம் போட்டு விளக்கினார். உணவுக்குழாய்ச் சுவருக்கு வெளியே சதை, உள்ளே தோல். கட்டி அந்தச் சதையில் வளர்ந்தது. பரவாது, ஆனால் பெரிதாகப் பெரிதாக வழியை நெருக்கும். விலாப் பக்கம் சின்னத் துளைகள் போட்டு, கேமராவை விட்டு, சதையை அதன் நார் வாக்கிலேயே பிரித்து, உள்தோலில் கீறல் படாமல் கட்டியை மட்டும் உருட்டி எடுத்துவிட்டு, சதையை மறுபடி சேர்த்துத் தைத்துவிடலாம். நுங்கைச் சுளை உடையாமல் தோண்டுகிற மாதிரி என்றார். அப்படியானால் ஒரு துண்டு எடுத்துச் சோதித்துப் பார்க்க மாட்டீர்களா என்று ஆவுடை கேட்டாள். அக்காவுக்கு எடுத்தார்கள்; துண்டு எடுப்பது எதற்கு என்று அவளுக்குத் தெரியும். எடுக்கக் கூடாது என்றார் டாக்டர். இப்போது துண்டு எடுத்தால் அந்த இடம் ஆறும்போது தோலும் கட்டியும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிக்கும்போது தோல் கிழிந்துவிடும். முழுதாக வெளியே வந்தபின் சோதிக்கலாம். நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததே அவளுக்கு உறுத்தியது. சோதிக்காமலே சாதாரணக் கட்டி என்று எப்படித் தெரியும்? வேறு ஏதோ ஏற்கெனவே தெரிந்திருந்தால்தானே சோதிக்க வேண்டியதில்லை? அவர் சொன்னதை இங்கேயும் இழுக்கலாம், அங்கேயும் இழுக்கலாம். ராத்திரியெல்லாம் அவள் இழுத்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். குத்தாலிங்கத்தை வெளியே நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்ரே எடுக்கிறவர் நடுத்தர வயது, கனத்த மேலங்கி, தூக்கம் போதாத கண். இரும்புப் பலகை முதுகில் பட்டதும் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. விலாவில் தையல் சுருக்கென்றது. ஒரு பிளாஸ்டிக் கப்பை நீட்டினார். வாயில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சொல்லும்போது விழுங்குங்கள். வாங்கினாள். கசப்பு, நாணயத்தை நக்கினாற்போல ஒரு ருசி, அதன்மேல் ஆரஞ்சு மிட்டாயின் பொய் வாசனை. இத்தனை நாளைக்குப் பிறகு வாய்க்குள் ஈரம், அது இந்த ஈரம். நாக்குக்கு அடியில் குளம்போல நின்றது. சட்டென்று ஒன்று தோன்றியது: இந்த ஆள் அந்நியர். இவருக்கு அவளைத் தெரியாது, அவள் அழுதாலும் சிரித்தாலும் இவருக்கு ஒன்றுமில்லை, இவர் எதற்குப் பொய் சொல்லப் போகிறார்? இவரிடம் கேட்டால் என்ன? கேட்கலாம் என்று வாயைத் திறக்கப் போனவள் மருந்து சிந்திவிடும் என்று மூடிக்கொண்டாள். விழுங்குங்கம்மா என்றார் அவர். பயம் அப்போதுதான் வந்தது. தைத்த இடம் விட்டுக்கொண்டால்? உள்ளுக்குள்ளேயே ஒழுகி, நெஞ்சுக்கூடெல்லாம் சீழ் பிடித்து, மறுபடி திறந்து, இந்தத் தடவை விலாவையே பிளந்து. டாக்டர் அதையும் சொல்லியிருந்தார், கையெழுத்து வாங்குகிறபோது. விழுங்குங்கம்மா, மூச்சை இழுக்காதீங்க. விழுங்கினாள். இறங்கியது. தொண்டை, தொண்டைக்குக் கீழே, நெஞ்சு. வழக்கமாக நிற்கிற இடம் நெருங்க நெருங்க உடம்பு தானாக இறுகியது, கால் விரல்கள் சுருண்டன, இப்போது நிற்கும், இப்போது நிற்கும். நிற்கவில்லை. அது போய்விட்டது. போன பிறகும் அந்த இடத்தில் அவள் காத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு வாய், திரும்பி நின்று இன்னொரு வாய். முடிந்ததும், என்னங்க தெரியுது, நல்லா இருக்கா என்று கேட்டாள். டாக்டர் சொல்லுவாங்கம்மா என்றார் அவர், அடுத்த ஆளின் பேரைப் பார்த்துக்கொண்டே. திருவனந்தபுரத்தில் அக்காவுக்குப் படம் எடுத்த பெண்ணும் அதையேதான் சொன்னாள், மலையாளத்தில். சொல்வதற்கு வேறு என்ன இருக்கிறது? நல்லது என்றாலும் அதே சொல், கெட்டது என்றாலும் அதே சொல். ஒன்றுமில்லை என்பதை உண்மையாகச் சொல்கிறவன் ஒன்றுமில்லை என்றுதானே சொல்வான்? வேறு எப்படிச் சொன்னால் அவள் நம்புவாள்? அடித்துச் சொன்னால் ஏன் அடித்துச் சொல்கிறான் என்று தோன்றும், லேசாகச் சொன்னால் ஏன் லேசாகச் சொல்கிறான் என்று தோன்றும். பொய்யை அவ்வளவு நேர்த்தியாகச் சொல்லக் கற்றுக்கொண்டவளுக்கு உண்மையை அடையாளம் தெரியவில்லை.

வார்டுக்குத் திரும்பிக் கட்டிலில் சாய்ந்த கொஞ்ச நேரத்தில் டாக்டர் இம்மானுவேல் வந்தார். கசிவு இல்லை, தண்ணீர் கொடுக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்குக் கஞ்சி, விலாக் குழாயையும் எடுத்துவிடலாம் என்றார். போகும்போது திரும்பி, லேப்பிலிருந்தும் சொல்லிவிட்டார்கள், நாம் நினைத்தது சரிதான், நல்ல கட்டி என்றார். நல்ல கட்டி. அவர் போன பிறகும் அந்த இரண்டு சொல்லும் கொசுவலைக்குள் மாட்டிய பூச்சிபோலச் சுற்றின. கட்டியில் என்ன நல்லது? கொத்தினால் ஆளை முடிக்கிற பாம்புக்குத்தான் நல்ல பாம்பு என்று பேர் வைத்திருக்கிறார்கள். குத்தாலிங்கம் டம்ளரில் ஆறிய வெந்நீர் ஊற்றிக் கரண்டியால் கொடுத்தார். வாய் வாங்கிக்கொண்டது. தண்ணீர் என்பது இவ்வளவு பெரிய சாமானா? உதடு, நாக்கு, தொண்டை என்று ஒவ்வோர் இடமாக நனைத்துக்கொண்டு, கேட்பாரில்லாமல், நேரே கீழே போனது. கண்ணில் நீர் முட்டியது. கொடுத்துக்கொண்டே அவர், ஆபரேஷன் அன்றைக்கு அந்தக் கட்டியைத் தட்டில் வைத்துத் தன்னிடம் காட்டியதை மறுபடியும் சொன்னார். உரித்த சேப்பங்கிழங்கு மாதிரி வெள்ளையாக, இறுக்கமாக, அப்படியே முழுசாக வந்துவிட்டதாம். எடுத்தாச்சு ஆவுடை என்றார். எடுத்தாச்சுக்கா. அவளுக்குள் என்னவோ அறுந்தது. போதும் என்று கரண்டியைக் கையால் விலக்கினாள். மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு, அக்காவுக்குக் கிடைக்காத வாய்ப்பு எனக்காவது கிடைத்ததே, தெளிவாக இருக்கிறபோதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். தன் கம்மலையும் இரட்டைவடத்தையும் இந்துமதியிடம் கொடுத்துவிடச் சொன்னாள். பள்ளிக்கூட ஸ்டோர் ரூம் சாவியைச் சமையல்காரி மாரியம்மாளிடம் கொடுக்காமல் நேராகத் தலைமை ஆசிரியையிடமே ஒப்படைக்கச் சொன்னாள். அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையை மூடிவிட்டு மகளோடு போய் இருந்துகொள்ளலாம், சண்டை போடாமல் இருந்தால் அவள் நன்றாகப் பார்த்துக்கொள்வாள் என்றாள்.

குத்தாலிங்கம் கரண்டியை டம்ளருக்குள் போட்டார். "இதெல்லாம் எதுக்கு இப்ப?" என்றார்.

"எனக்கு எல்லாம் தெரியும், அத்தான். நீங்க நடிச்சது போதும்."

டம்ளரை அவர் வைத்த வேகத்தில் தண்ணீர் மேஜையில் சிந்தியது. "நடிக்கேனா?" என்றார். முதலில் மெதுவாகத்தான் சொன்னார். பிறகு குரல் ஏறியது. "ஏட்டி, நான் நடிக்கேனா? இந்த இரும்பு நாற்காலியில கெடந்து கெடந்து என் இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. கேன்டீன்காரன் ஊத்துத சாம்பாரக் குடிச்சு வயிறு வெந்து கெடக்கு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, சாப்ட்டியளா அத்தான்னு கேட்டியா நீ? எப்பப் பாரு போலீஸ்காரன் மாதிரி எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டுக் கெடக்க. மூச்சு இழுக்கதுக்கு அந்தப் பந்து வச்ச டப்பாவக் குடுத்து நர்ஸ்புள்ள தெனமும் தொண்டை கிழியக் கத்துது. தொடுதியா அத? சளி கட்டி இன்னும் நாலு நாளு இங்கயே கெடக்கணும், அதான உனக்கு? உனக்கு ஒரு எழவும் இல்ல. வீட்டுக்கு வந்து இன்னும் முப்பது வருசம் என் உசுர வாங்கத்தான் போற. கம்மலக் குடுக்காளாம் கம்மல." பக்கத்துக் கட்டில்காரி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். வாசலில் பிளஸ்ஸியின் தலை தெரிந்து மறைந்தது. அவர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு, டீ குடிக்கப் போறேன் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஆவுடைக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. இத்தனை பேர் முன்னால். முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். உள்ளே இருட்டாக, மருந்து வாசனையாக இருந்தது. அந்த இருட்டில், அந்த ஐந்தாறு மாதத்தில் பிரமு அக்காவை ஒருத்தரும் ஏசவில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. உப்புக் குறைந்தால் தட்டை வீசுகிற அக்கா வீட்டுக்காரர் கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளையில் நார்கூட இல்லாமல் உரித்துக் கொடுத்தார். வாய்க்கு வாய் பதில் பேசுகிற பிள்ளைகள் சரிம்மா சரிம்மா என்றார்கள். அவளேகூட, சேலைக்கும் சொல்லுக்கும் அக்காவோடு ஜென்மம் முழுக்க மல்லுக்கட்டியவள், அக்கா என்ன சொன்னாலும் தலையாட்டினாள். ஒரு நாள் மத்தியானம், வீட்டில் வேறு யாரும் இல்லை. கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டே, "ஆவுடை, என்னை ஒரு வாட்டி ஏசுட்டி" என்றாள். இவள் சிரித்து, உன்ன எதுக்குக்கா ஏசணும், நீ என்ன செஞ்ச என்று சொல்லிவிட்டுச் சாத்துக்குடிச் சாறு எடுத்துவரப் போனாள். காய்ச்சலில் பேசுகிறாள் என்று நினைத்தாள். திரும்பி வந்தபோது அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இன்றைக்குத்தான் ஆவுடைக்குப் புரிந்தது. வார்த்தையால் கேட்டால் வார்த்தைதான் வரும் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. தங்கச்சியின் வித்தை எட்டாத இடமாகப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். தங்கச்சியும், சொல்கிறோம் என்றே தெரியாமல், ஏசாமல் விட்டதாலேயே பதில் சொல்லியிருக்கிறாள். ஏசியிருக்கலாம். பழைய சேலைச் சண்டையைப் பற்றி ஏதாவது, வாயில் வந்தது எதையாவது, ஒரு வாட்டி ஏசியிருக்கலாம். அழுகை குலுங்கிக்கொண்டு வந்தது. குலுங்கக் குலுங்கத் தையல் இழுத்தது, இழுக்க இழுக்க வாயால் மூச்சு விட்டு விட்டு அடக்கினாள். எதற்கு அழுகிறோம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அக்காவுக்காகவும் இருந்தது. தான் சாகப்போவதில்லை என்பதற்காகவும் இருந்தது.

குத்தாலிங்கம் திரும்பி வந்தார். அவள் முந்தானையை விலக்கிப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். தோளின் விறைப்பு இன்னும் இறங்கவில்லை. ஆவுடை அந்த முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. சட்டை கசங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"டீயக் குடிச்சா வாயத் தொடைக்கக் கூடாதா? மீசையெல்லாம் ஆடை" என்றாள்.

"நீ மொதல்ல அந்த டப்பாவ இழு."

மேஜையிலிருந்து அதை எட்டி எடுத்து, குழலை வாயில் வைத்து உள்ளே இழுத்தாள். ஒரு பந்து பாதி எழும்பி, பொத்தென்று விழுந்தது. விலாவில் தீப்பற்றினாற்போல இருந்தது.

"வலிக்கி" என்றாள்.

"வலிக்கத்தான் செய்யும்" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே.